கழுத்தில் தேடிய வலி தோளில் இருந்தது

சர்க்கரை நோய் உள்ள, ஐம்பது வயதையொட்டிய ஒருவருக்குத் தோளிலோ மேற்கையிலோ வலி தொடங்கினால், அது 'உறைந்த தோள்மூட்டு' என்ற நோயா என்று அறிய, எக்ஸ்ரே, ஸ்கேன் என எந்தப் படமும் எடுப்பதற்கு முன்பு ஒரு நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அதை ஒரு மருத்துவர் எனக்குச் செய்து காட்டியபோது, வலி தொடங்கி அரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சுமார் நாற்பதாயிரம் ரூபாய் செலவாகியிருந்தது. என் வலது கை தோள் உயரத்தைத் தாண்டி எழ மறுத்தது. கும்பகோணத்துக்கு அருகில் ஓர் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் எனக்கு அதுதான் கரும்பலகையில் எழுதும் கை. கணவர் காலமாகிவிட்டார், மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஆகவே இந்த நோயின் பெரும்பகுதியைத் தனியாகத்தான் கடந்தேன். எனக்கு என்ன வந்திருக்கிறது, அது இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் தொடக்கத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ துன்பம் குறைந்திருக்கும். அந்த ஆதங்கத்தில்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வலி தோளில் தொடங்கவில்லை. மேற்கையின் வெளிப்புறத்தில், தடுப்பூசி போடும் இடத்தில் ஒரு மந்தமான குடைச்சலாகத் தொடங்கியது. விழவில்லை, எதையும் இழுக்கவில்லை, பாரம் தூக்கவில்லை. பகலில் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்த அந்த வலி, இரவில் வலப்பக்கம் சாய்ந்து படுத்தவுடன் எழுப்பிவிடும். ஓரிரு மாதங்களில் வேறொன்று சேர்ந்துகொண்டது. மேசையிலிருந்து நழுவும் சாக்பீஸ் பெட்டியைப் பிடிக்கவோ, பேருந்து குலுங்கும்போது கம்பியைப் பற்றவோ கை சட்டென்று நீண்டால், கண்ணில் நீர் வரும் அளவுக்கு ஒரு வெட்டு வலி எழுந்து, அது அடங்கச் சில நிமிடங்கள் பிடித்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின: தலை பின்னுவது, முந்தானையைத் தோளில் குத்துவது, முதுகுப்பக்கம் கொக்கி மாட்டுவது, பரணில் இருக்கும் டப்பாவை எடுப்பது. காலையில் பள்ளிக்கு வந்ததும் ஓய்வறையில் உடன் பணிபுரியும் ஓர் ஆசிரியையிடம் உடையைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்த நாட்களில் நான் அடைந்த கூச்சத்தை இன்றும் மறக்கவில்லை. அவர் முகம் சுளிக்காமல் செய்தார். ஆனாலும் கேட்பதற்கு முன் மனத்துக்குள் ஒரு போராட்டம் நடக்கும்.

முதலில் பார்த்த தனியார் மருத்துவமனையில் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்து எலும்பில் தேய்மானம் என்றார்கள். கழுத்துப் பட்டையும் வலி மாத்திரையும் தந்தார்கள். குறையாததால் அடுத்துக் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். அதற்கு மட்டும் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. வெளிநோயாளிச் செலவு என்பதால் என் காப்பீட்டில் ஒரு ரூபாயும் திரும்பக் கிடைக்கவில்லை. படத்திலும் தேய்மானம் இருந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோரின் கழுத்தைப் படம் பிடித்தால் ஏதாவதொரு தேய்மானம் தெரியும் என்பதும், படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது என்பதும் எனக்குப் பின்னர்தான் விளக்கப்பட்டன. கழுத்து நரம்பு அழுத்தப்படுவதால் வரும் வலி பெரும்பாலும் முழங்கையைத் தாண்டி விரல்கள் வரை இறங்கும். மரத்துப்போதலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இருக்கும். கழுத்தைத் திருப்பினால் கூடும். கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் பலருக்குச் சற்றுக் குறையவும் செய்யும். தோள்மூட்டு வலி பெரும்பாலும் முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். கையைத் தலைமேல் வைப்பதே இயலாத காரியமாக இருக்கும். இந்த வேறுபாட்டைக் கேள்விகளாலேயே ஓரளவு அறிந்துவிடலாம். என்னிடம் யாரும் அந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை.

கழுத்துப் பட்டையோடு இரண்டு மாதங்கள் போன பிறகு, உறவினர் ஒருவர் அக்கறையோடு ஓரிடத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே எண்ணெய் பூசி நீவிவிட்டு, 'நரம்பு பிடித்திருக்கிறது, இழுத்துவிட்டால் சரியாகும்' என்று சொல்லி, கையை மேல்நோக்கி வலுவாக இழுத்தார்கள். நான் கத்தியது வாசலில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அதன்பின் இரண்டு வாரங்களுக்குப் படுத்து உறங்கவே முடியாமல் நாற்காலியில் சாய்ந்தபடி இரவுகளைக் கழித்தேன். அழற்சி உச்சத்தில் இருக்கும் மூட்டை வலுக்கட்டாயமாக இழுத்தால் அழற்சியும் வலியும் கூடத்தான் செய்யும். அதே மூட்டை, அழற்சி அடங்கிய பிறகு பொறுமையாக நீட்டிப் பழக்கினால் பயன் உண்டு. எந்தக் கட்டத்தில் எதைச் செய்வது என்பதே இந்த நோயின் மருத்துவத்தில் பாதி.

கடைசியில் தஞ்சாவூரில் அரசு மருத்துவமனை ஒன்றின் எலும்பு மூட்டுப் பிரிவுக்குப் போனேன். வரிசையில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. உள்ளே மருத்துவர் எடுத்துக்கொண்டதோ ஐந்து நிமிடம். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டவைத்து, செங்கோணமாக மடக்கி, கட்டைவிரல்கள் மேலே பார்க்க, முன்கைகளை இரு கதவுகளைத் திறப்பது போல வெளிப்பக்கம் விரிக்கச் சொன்னார். இடது முன்கை தாராளமாக விரிந்தது. வலது முன்கை பத்துப் பாகை அளவுக்கு அசைந்து நின்றுவிட்டது. பிறகு கையைத் தளர்த்தச் சொல்லி அவரே மெதுவாகத் திருப்பினார். அப்போதும் அதே இடத்தில் நின்றது. "டீச்சர், நீங்கள் திருப்ப முடியாததற்குப் பல காரணங்கள் இருக்கலாம்; நான் திருப்பியும் திரும்பவில்லை என்றால் மூட்டின் உறையே சுருங்கியிருக்கிறது என்று பொருள்" என்றார். தோளுக்கு ஒரு எக்ஸ்ரே மட்டும் எடுக்கச் சொன்னார். அதில் எலும்பு இயல்பாக இருந்தது. ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது உறைந்த தோள்மூட்டு என்று சீட்டில் எழுதினார். எக்ஸ்ரேயில் இந்த நோய் தெரியாது. தேய்வு, சுண்ணாம்புப் படிவு, மூட்டு பின்பக்கமாக விலகியிருத்தல் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்யத்தான் அது எடுக்கப்படுகிறது. வலிப்பு வந்தோ மின்சாரம் தாக்கியோ அதன்பின் கை திரும்பாமல் போனவர்களுக்கு அந்தப் படம் மிக முக்கியம். பின்பக்க விலகல் கண்ணுக்குத் தெரியாமல் போவதுண்டு.

அன்று அவர் ஒரு தாளில் வரைந்து காட்டியதும், பின்னர் நான் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்துதான் என் பயத்தைப் போக்கின. தோள் என்பது மூன்று எலும்புகள் கூடும் இடம்: முதுகின் மேற்புறம் இருக்கும் தோள்பட்டை எலும்பு, முன்னால் காறை எலும்பு, மேற்கை எலும்பு. கை முழுவதும் உடலின் நடுச்சட்டத்தோடு எலும்பு வழியாக இணைவது, காறை எலும்பு மார்பெலும்பைத் தொடும் அந்தச் சிறு மூட்டில் மட்டுமே; மற்றதெல்லாம் தசைகளின் பிடிப்பு. மேற்கை எலும்பின் தலை பெரிய உருண்டை. அது பொருந்தும் குழியோ ஆழமில்லாதது. எந்த நேரத்திலும் அந்த உருண்டையின் நான்கில் ஒரு பங்கு அளவுதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் உடலிலேயே மிக அதிகமாக அசையும் மூட்டாகவும், எளிதில் விலகும் மூட்டாகவும் அது இருக்கிறது. குழியின் விளிம்பில் குருத்தெலும்பு போன்ற ஒரு வளையம் அதைச் சற்று ஆழமாக்குகிறது. ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளின் நார்கள் உருண்டையைச் சூழ்ந்து குழியோடு சேர்த்துப் பிடிக்கின்றன. இவற்றுக்கெல்லாம் உள்ளே மெல்லிய மூட்டு உறை. கையைத் தூக்கும்போது விரிந்து கொடுப்பதற்காக அது அக்குள் பக்கம் மடிப்போடு தளர்ந்து தொங்கும். ரவிக்கையில் கை தூக்க வசதியாக அக்குளில் தையற்காரர் விடும் தளர்வைப் போன்றது அது. இந்த நோயில் உறையில் அழற்சி ஏற்பட்டு, அது தடித்து, அந்த மடிப்பு சுருங்கிவிடுகிறது. முன்புறம் மேற்பக்கத்தில் இருக்கும் இணைப்பு நாரும் தடிப்பதால்தான், முன்கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவு மற்றவற்றுக்கு முன்பாகப் பறிபோகிறது.

கணித ஆசிரியை என்பதால் என்னை மிகவும் ஈர்த்த ஒரு விகிதமும் இதில் உண்டு. கையைப் பக்கவாட்டில் 180 பாகை தூக்கும்போது ஏறத்தாழ 120 பாகை தோள்மூட்டிலிருந்தும் 60 பாகை தோள்பட்டை எலும்பு முதுகின் மேல் நகர்வதிலிருந்தும் கிடைக்கின்றன, இரண்டுக்கு ஒன்று. மூட்டு இறுகியவருக்கு முதல் பங்கு குறைந்துவிடுவதால், அவர் தோள்பட்டையைக் காது வரை ஏற்றிக் கையைத் தூக்குவார். எதிரே இருப்பவருக்குக் கை எழுவதாகத் தோன்றும். நானும் பல வாரங்கள் அப்படித்தான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் கழுத்துத் தசைகளும் வலிக்க, கழுத்தில்தான் நோய் என்பது மேலும் உறுதியானதாகப் பட்டது. ஒரு கையைத் தூக்கும்போது தோள்பட்டை முன்கூட்டியே மேலே ஏறுகிறதா என்று கண்ணாடியில் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

தோளில் வருவதெல்லாம் இந்த நோய் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பக்கவாட்டில் கையைத் தூக்கும்போது சுமார் 60 முதல் 120 பாகைக்குள் மட்டும் வலித்து, அதற்கு மேல் வலி குறைந்தால், தோள்பட்டையின் மேல்முனைக்குக் கீழே தசைநாரோ நீர்ப்பையோ நசுங்குவதாக இருக்கலாம். தானாகத் தூக்க முடியாமல், பிறர் தூக்கிவிட்டால் கை முழுதாகப் போகிறது என்றால் தசைநார் கிழிந்திருக்கக்கூடும். விழுந்த பிறகு இப்படி ஆனால் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலோடு மூட்டு சூடாகி வீங்கினால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கையை அசைப்பதற்கும் வலிக்கும் தொடர்பே இல்லாமல், மார்பு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு தோளோ கையோ வலித்தால் அது இதயம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். 108-ஐ அழைக்க வேண்டிய நேரம் அது. பித்தப்பைக் கோளாறும் வலது தோளில் வலியாகத் தெரிவதுண்டு.

சீட்டில் மருத்துவர் அடுத்து எழுதியது சர்க்கரைக்கும் தைராய்டுக்குமான இரத்தப் பரிசோதனைகள். உறைந்த தோள்மூட்டு பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது, வந்தால் பிடிவாதமாகவும் நீடிக்கிறது. தைராய்டுக் குறைபாடு உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எனக்கு 9-ஐத் தாண்டியிருந்தது. வலியால் உறக்கம் கெட்டிருந்தது, நடைப்பயிற்சியும் நின்றிருந்தது; சர்க்கரை ஏறியதில் வியப்பில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் சர்க்கரைக்கு மருந்து வாங்கிவரும் என்னிடம், கண்ணைப் பார், பாதத்தைப் பார், சிறுநீரகத்தைப் பார் என்று சொன்னவர்களில் ஒருவரும் தோளைப் பற்றிச் சொன்னதில்லை. இதைப் படிப்பவர்களின் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், அவரால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒரே உயரத்துக்குக் கொண்டுபோக முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நோய் மூன்று கட்டமாகப் போகும் என்றார் மருத்துவர். முதலில் வலி மிகுந்து இறுக்கம் கூடிக்கொண்டே போகும் கட்டம்; அது சில வாரங்கள் முதல் ஒன்பது மாதங்கள் வரை. அடுத்து வலி குறைந்து இறுக்கம் அப்படியே நிற்கும் கட்டம். நான்கு மாதங்கள் முதல் ஓராண்டு வரை. பிறகு மெல்ல மெல்லத் தளரும் கட்டம்; அது இரண்டு ஆண்டுகள் வரைகூட நீளலாம். கட்டங்களுக்கு இடையே கோடு கிழித்தாற்போல எல்லை கிடையாது. இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஆனால் அது ஆறுதலின் அழுகையும்தான். என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு வரைபடம் கையில் கிடைத்துவிட்டது. நான் அப்போதும் வலி மிகுந்த கட்டத்தில் இருந்ததால், மூட்டுக்குள் ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி 40 மில்லிகிராம் போடலாம் என்றார். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டே பலர் மறுத்துவிடுகிறார்கள். முதல் கட்டத்தில் வலியை அடக்கி, உறங்கவும் பயிற்சி செய்யவும் ஓர் இடைவெளியைத் தருவதே அந்த ஊசியின் பயன். இறுக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும் பிந்தைய கட்டத்தில் அதன் பயன் குறைவு. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும். எனக்கும் முந்நூறைத் தாண்டியது. முன்கூட்டியே எச்சரித்து, வீட்டில் தினமும் அளக்கச் சொல்லி, மாத்திரை அளவையும் மாற்றித் தந்திருந்ததால் பதறாமல் இருந்தேன். ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள், மாதக்கணக்கில் முதல்முறையாக விடியும் வரை உறங்கினேன்.

உறக்கத்தைப் பற்றி ஒன்று. மல்லாந்து படுத்து, முழங்கைக்கும் மேற்கைக்கும் கீழே மடித்த துண்டையோ சிறு தலையணையையோ வைத்துக்கொண்டால் மேற்கை பின்பக்கமாகச் சரியாது. வலி குறையும். நல்ல பக்கம் சாய்ந்து படுப்பவர்கள் வலிக்கும் கையை மார்புக்கு முன்னால் ஒரு தலையணையின் மேல் வைத்துக்கொள்ளலாம். ஒரு பைசா செலவில்லாத இந்த யோசனையை எனக்குச் சொன்னவர் மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்).

அதற்கு முன்பு வேறோர் இடத்தில் பிசியோதெரபி என்ற பெயரில் பத்தாயிரத்துக்கு மேல் முன்பணம் கட்டியிருந்தேன். போனவுடன் ஒரு கட்டிலில் படுக்கவைத்து, கரண்ட் கருவியைப் பொருத்திவிட்டு, மணி அடித்ததும் எடுத்துவிடுவார்கள். கையை யாரும் தொடவில்லை, எவ்வளவு தூரம் போகிறது என்று யாரும் அளக்கவில்லை. அரசு மருத்துவமனையில் நடந்தது வேறு. முதல் நாளே நான்கு திசைகளிலும் கோணத்தை அளந்து எழுதினார்கள். வலி மிகுந்த காலத்தில் குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டும் ஊசல் பயிற்சி மட்டும். அந்தப் பயிற்சிக்கும், 1934-ல் இந்த நோய்க்கு உறைந்த தோள் என்ற பெயர் அமைந்ததற்கும் காரணமானவர் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் காட்மேன். வலி தணிந்த பிறகு சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவது, கதவில் கட்டிய கப்பியில் நல்ல கையால் மற்றக் கையை இழுப்பது, முழங்கையை விலாவோடு ஒட்டி ஒரு கழியால் முன்கையை வெளிப்பக்கம் தள்ளுவது, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலே இழுப்பது ஆகியவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எவ்வளவு வலிக்கும் வரை செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடை எனக்கு மிகவும் உதவியது: நீட்டும்போது இழுப்பது போன்ற வலி இருக்கலாம், ஆனால் நிறுத்திய அரை மணி நேரத்துக்குள் அது அடங்க வேண்டும், அன்றிரவு உறக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும். பள்ளியிலிருந்த பெரிய மரக் கோணமானியால் வாரம் ஒருமுறை அளந்து, வரைபடத்தாளில் புள்ளி வைத்தேன். நாளுக்கு நாள் பார்த்தால் முன்னேற்றமே தெரியாத நோய் இது. அந்தக் கோடு மெல்ல ஏறுவதைக் கண்டதால்தான் மனம் தளராமல் தொடர முடிந்தது. பத்தாம் வகுப்பு மாணவிகள் முறைவைத்துப் பலகையில் எழுதித் தந்தார்கள். நான் அருகில் நின்று சொல்லிக்கொண்டே போனேன்.

இடையில், கோணம் பல வாரங்கள் நகராமல் நின்றபோது, இன்னொரு தனியார் மருத்துவமனையில் கருத்துக் கேட்டேன். நுண்துளை அறுவையால் உறையை வெட்டிவிட வேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும், தள்ளிப்போட்டால் கை நிரந்தரமாக இறுகிவிடும் என்றார்கள். அந்தக் கடைசி வாக்கியம் என்னை ஆட்டிவிட்டது. தஞ்சாவூர் மருத்துவரிடம் திரும்பிப் போய்க் கேட்டபோது, பிரிட்டனில் 503 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து நடத்தி 2020-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வைச் சொன்னார். மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்துத் தளர்த்துவது, நுண்துளை அறுவை, ஸ்டீராய்டு ஊசியோடு கூடிய முறையான இயன்முறைப் பயிற்சி என்ற மூன்றில் எதுவும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலானது என்று ஓராண்டு முடிவில் நிறுவப்படவில்லை. அறுவைக்கு இடமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பல மாதங்கள் முறையாகப் பயிற்சி செய்தும் இறுக்கம் சற்றும் குறையாதவர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, அது தேவைப்படுவதுண்டு. எலும்பு மெலிந்தவர்களுக்கு மயக்கத்தில் மூட்டை அசைக்கும்போது மேற்கை எலும்பு முறியும் அபாயம் உண்டு என்பதையும், அறுவைக்குப் பிறகும் அதே பயிற்சிகளை மாதக்கணக்கில் செய்தாக வேண்டும் என்பதையும் விளக்கினார். உறைக்குள் உப்புநீரைச் செலுத்தி விரிக்கும் முறையும் சில இடங்களில் உண்டு. அவசரமாக முடிவெடுக்க வைக்கும் எந்த வாக்கியத்தைக் கேட்டாலும், நான் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறேன், கோணங்கள் எவ்வளவு, மூன்று மாதம் பொறுத்தால் எதை இழப்பேன் என்ற மூன்றையும் கேளுங்கள்.

ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டது. முன்பக்கமாகக் கை 160 பாகை வரை எழுகிறது. வெளித்திருப்பம் 55 பாகைக்கு வந்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் மட்டும் கட்டைவிரல் இடுப்புக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. தானாகவே முழுதாகச் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வதை நம்பிப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். சிலருக்குச் சிறிது இறுக்கம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. ஒருமுறை குணமான தோளில் இது மீண்டும் வருவது அரிது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் மறுதோளில் வருவது அவ்வளவு அரிதன்று என்பதால், என் எச்பிஏ1சி அளவை ஏழுக்கு அருகில் வைத்திருப்பதை இடது தோளுக்கான பாதுகாப்பாகவும் கருதுகிறேன்.

எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் ரூபாய் வரை போயிருக்கிறது. உண்மையில் பயன்பட்ட தோள் எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனைகள், ஊசி, பயிற்சி ஆகியவற்றுக்குப் போனது அதில் மிகச் சிறு பகுதி. அந்தச் சிறு பகுதியும் பெரும்பாலும் தஞ்சாவூருக்குப் போய்வந்த பேருந்துக் கட்டணமும் எடுத்த விடுப்பும்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு மூட்டுப் பிரிவும் இயன்முறை மருத்துவப் பிரிவும் இருக்கின்றன. காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கிவிட்டால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பழைய சர்க்கரை அறிக்கைகளையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். வீட்டை விட்டு வெளியே வர இயலாத முதியவர்கள் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கலாம்.